விதியை மீறியவர்கள் எதை மீறினார்கள்?

தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் ஒரே பாட்டாகச் சேர்க்கும் வேலைக்கு மிக்ஸிங் என்று பெயர். எது எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும், எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எது காதருகே, எது தூரத்தில் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. இத்தொழிலுக்குள் புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே சொல்லப்படும் வாசகம், இதில் விதி என்று எதுவுமே கிடையாது, காதுக்கு நன்றாக இருந்தால் சரி என்பது. பெரிய ஸ்டூடியோக்களிலும் பயிற்சி வகுப்புகளிலும், படுக்கையறை மூலையில் ஒரு கணினியும் ஹெட்ஃபோனும் வைத்துப் பாட்டு செய்கிறவர்களிடமும் இது வேதவாக்காகப் புழங்குகிறது. அதை நிரூபிக்க எப்போதும் அதே நான்கைந்து கதைகள் எடுத்து வைக்கப்படுகின்றன. அந்தக் கதைகளைக் கிட்டப்போய்ப் பார்த்தால், வாசகத்துக்கு எதிராகவே அவை சாட்சி சொல்கின்றன.

முதல் கதை லண்டன் இசைத் தயாரிப்பாளர் ஜோ மீக்குடையது. கேட்கச் சரியாக இருந்தால் அது சரிதான் என்ற பொருள்படும் கூற்று அவர் பெயரில்தான் உலவுகிறது. வடக்கு லண்டனில், ஹாலோவே சாலை 304ஆம் எண் கட்டடத்தில், தோல்பொருள் கடை ஒன்றுக்கு மேலே இருந்த வாடகை வீடுதான் அவருடைய ஸ்டூடியோ. குளியலறையில் பாடுவார்கள், மாடிப்படியில் உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த வீட்டில் உருவான 'டெல்ஸ்டார்' என்ற இசைத்தட்டு 1962இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பிரிட்டிஷ் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. கதை வழக்கமாக இத்தோடு நிறுத்தப்படும். மீக் விமானப்படையில் ரேடார் பழுது பார்த்தவர், ஐபிசி, லேன்ஸ்டவுன் என்ற இரண்டு பெரிய ஸ்டூடியோக்களில் ஆண்டுக்கணக்கில் பொறியாளராக இருந்தவர், தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே சாலிடர் வைத்துக் கட்டிக்கொண்டவர் என்ற மீதிப் பாதி அபூர்வமாகவே சொல்லப்படுகிறது. டேப்பில் சத்தம் எந்த அளவைத் தாண்டினால் கரகரப்பு வரும், அந்தக் கரகரப்பு எந்த அளவுவரை சுவையாக இருக்கும் என்று அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். ஒலி சுத்தமாக இருக்க வேண்டும், மைக் மரியாதையான தூரத்தில் நிற்க வேண்டும் என்ற அன்றைய ஸ்டூடியோ ஆசாரத்தைத்தான் அவர் உடைத்தார். மின்சுற்றின் இயல்பை உடைக்கவில்லை. அதை உடைக்க யாராலும் முடியாது.

அடுத்தது இன்னும் பிரபலமான கதை. 1966 ஏப்ரலில் பீட்டில்ஸ் குழு 'ரிவால்வர்' இசைத்தொகுப்பைத் தொடங்கியபோது பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. ஈஎம்ஐ நிறுவனத்தின் அபே ரோடு ஸ்டூடியோவில் பராமரிப்புப் பணியாளர்கள் வெள்ளைக் கோட்டு அணிந்து நடமாடிய காலம் அது. கிக் டிரம்முக்கு ஒன்றரை, இரண்டு அடிக்குள் மைக் போகக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். எமெரிக் மைக்கைச் சில அங்குலத்துக்குக் கொண்டுபோனார், டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்தார், வந்த ஒலியை, உச்சங்களை அடக்கும் ஃபேர்சைல்டு லிமிட்டரில் போட்டு நசுக்கினார். நிர்வாகம் முறைத்தது, பிறகு பீட்டில்ஸுக்கு மட்டும் என்று விலக்கு கொடுத்தது என்று எமெரிக் பின்னாளில் சொன்னார். இளைஞன் ஒருவன் சட்டத்தைக் கிழித்தெறிந்தான், ராக் இசையின் டிரம் ஒலி பிறந்தது என்று இக்கதை முடியும்.

அந்தச் சட்டம் எதற்காக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கிக் டிரம் ஓர் அடிக்கு ஒரு பெரிய காற்றுத் தள்ளலை வெளியே அனுப்புகிறது. அன்று விலை மிகுந்த ரிப்பன், கண்டன்சர் மைக்குகளின் உள்ளே இருந்த மெல்லிய தகடு அந்தத் தள்ளலில் சேதமடையலாம். நிறுவனத்தின் கவலை அந்தச் சொத்தைப் பற்றியது. எமெரிக் கிட்டே வைத்ததோ ஏகேஜி டி20 என்ற டைனமிக் மைக். முரட்டு உடம்பு, எளிதில் எதுவும் ஆகாது. உள்ளே திணித்த கம்பளி, தோலின் நீண்ட அதிர்வை அடக்கியது. சட்டத்தின் வாசகத்தை அவர் மீறினார், காரணத்தை மீறவில்லை. ஒரு வகை மைக்குக்காக ஏற்பட்ட எச்சரிக்கை எல்லா மைக்குக்கும் உரிய சம்பிரதாயமாக இறுகிப்போயிருந்தது. அந்த இறுக்கத்தைத்தான் அவர் தளர்த்தினார். அதே மாதம் பதிவான 'பேப்பர்பேக் ரைட்டர்' பாட்டிலும் இதே நிலைமைதான். ஓர் ஒலிபெருக்கியையே தலைகீழ் வேலையாக மைக் ஆக்கி பேஸ் கிட்டாரைப் பெரிதாகப் பிடித்தார்கள். ஆனால் பேஸ் மிகுந்தால் இசைத்தட்டின் பள்ளம் அகலமாக அசையும், ஊசி துள்ளும். அதனால் தட்டு வெட்டும்போது, திடீர் மிகுதியைத் தானாக அடக்கும் ஒரு கருவியையும் ஈஎம்ஐ பயன்படுத்த வேண்டியிருந்தது. மீறலுக்கு ஈடு கட்டிய பிறகே தட்டு கடைக்குப் போனது.

மூன்றாவது கதை ஒரு தவறான வாசிப்பு. பீட்டில்ஸின் தொடக்ககால ஸ்டீரியோ தட்டுகளில் குரல் முழுக்க ஒரு காதிலும் வாத்தியம் முழுக்க மறு காதிலும் கேட்கிறதே, அதை யார் தடுத்தார்கள் என்று கேட்பார்கள். 1963இல் வந்த முதல் இரண்டு தொகுப்புகளும் இரண்டே டிராக் கொண்ட டேப்பில் பதிவானவை. குரலை ஒன்றிலும் வாத்தியத்தை மற்றொன்றிலும் வைத்ததற்குக் காரணம், பிறகு மோனோவாகச் சேர்க்கும்போது இரண்டின் அளவையும் தனித்தனியே சரிசெய்ய முடியும் என்பதே. இடம் வலம் என்று பரப்பிக் காட்டும் எண்ணமே அந்தப் பதிவில் இல்லை. 1987இல் அவை முதன்முதலாகக் குறுந்தகடாக வந்தபோது முதல் நான்கு தொகுப்புகளும் மோனோவில்தான் வெளியாயின. சமையலுக்கு நறுக்கி வைத்த காய்கறியைப் பார்த்து, இதுதான் அந்த வீட்டுச் சாப்பாடு என்று சொல்வதற்கும் இந்த வாதத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

விதி இல்லை என்ற வாசகத்துக்கு ஒரு நியாயமான பிறப்பும் உண்டு. குரலில் 300 ஹெர்ட்ஸைக் குறை, கிக் டிரம்மில் 60ஐ ஏற்று, கம்ப்ரஸரை நாலுக்கு ஒன்றில் வை என்று எண்களைச் சூத்திரமாக விற்கிற வழக்கம் பெருகிவிட்டது. எந்தக் குரல், எந்த மைக், எந்தப் பாட்டு என்று பார்க்காத இந்த எண்களை அப்படியே போடுகிறவருக்குப் பாட்டு கெட்டுப்போவது நிச்சயம். அதைக் கண்டு சலித்தவர்கள்தான் விதியே வேண்டாம் என்றார்கள். சலிப்பு நியாயம், முடிவு அநியாயம். ஒரு மருத்துவர் எழுதிய சீட்டு அடுத்த நோயாளிக்குப் பொருந்தவில்லை என்பதற்காக உடற்கூறே பொய் என்று யாரும் சொல்வதில்லை. விதிக்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் மாறினால் விதியும் மாறும். பேஸை நடுவில் வை என்பதை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீரியோ இசைத்தட்டில் இரண்டு பக்கமும் ஒத்து வரும் ஒலி ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கிறது, ஒவ்வாமல் வரும் ஒலி மேலும் கீழுமாக அசைக்கிறது. பேஸ் இடத்திலும் வலத்திலும் முரண்பட்டால் பள்ளம் ஆழம் குறைந்து ஊசி வெளியே குதிக்கும். இசைத்தட்டுக்குப் போகாத பாட்டுக்கு அந்தக் காரணம் இல்லை. ஆனால் அரங்குகளிலும் கார்களிலும் தாழ்ந்த ஒலி பெரும்பாலும் ஒரே சப்வூஃபருக்கு மோனோவாகச் சேர்ந்தே போகிறது. பழைய காரணம் இறந்த இடத்தில் புதிய காரணம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கப்போகிற ஒரு பாட்டுக்கு இரண்டுமே பொருந்தாது, அங்கே பேஸை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இப்படிச் சொல்ல முடிவதே விதி தெரிந்ததால்தான்.

சில விதிகளுக்குக் காரணம் மாறுவதே இல்லை. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. ஒரு கிட்டாருக்கு முன்னால் 20 சென்டிமீட்டரில் ஒரு மைக், 54 சென்டிமீட்டரில் இன்னொன்று என்று வைத்தால், இரண்டாவது மைக்குக்கு ஒலி ஏறக்குறைய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேரும். இரண்டையும் ஒரே அளவில் சேர்த்தால் 500 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து ஒலி அங்கே அழிந்துபோகும். 1500இல் மறுபடியும், 2500இல் மறுபடியும். சீப்புப் பல்போல் வரிசையாகப் பள்ளங்கள். கிட்டார் டப்பாவுக்குள் வாசித்ததுபோல் கேட்கும். அதன் பிறகு, அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் ஈக்யூவை எப்படித் திருகினாலும் பயனில்லை. இல்லாத ஒலியை ஏற்ற முடியாது. ஒரு மைக்குக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக்கை வை என்ற பழைய விதி இங்கிருந்து வந்தது. மூன்று மடங்கு தூரத்தில் கசியும் ஒலி ஒன்பதரை டெசிபல் குறைந்துவிடும், அதனால் பள்ளம் மூன்றரை டெசிபலோடு நின்றுவிடும். மூன்று என்ற எண் யாருடைய ரசனையும் இல்லை, கூட்டல் கழித்தல்.

இதன் வீட்டு வடிவம் இன்று எல்லா இடத்திலும் நடக்கிறது. கீபோர்டு ஒலி குறுகலாக இருக்கிறது என்று நினைக்கும் ஒருவர் அதையே இன்னொரு டிராக்கில் நகல் எடுத்து, 15 மில்லிநொடி தள்ளி, ஒன்றை இடக்கோடிக்கும் மற்றதை வலக்கோடிக்கும் அனுப்புகிறார். ஹெட்ஃபோனில் அறை நிறைந்ததுபோல் விரியும். சில பத்து மில்லிநொடிக்குள் வரும் இரண்டாவது ஒலியைக் காது தனி எதிரொலியாகப் பிரிக்காமல் முதலோடு சேர்த்தே கேட்கிறது என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வேட்டில் காட்டினார், அந்த ஏமாற்றுதான் இது. இப்போது அதே பாட்டு ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட கைபேசியில் ஓடட்டும். இடமும் வலமும் கூட்டப்படுகின்றன. 33, 100, 167 ஹெர்ட்ஸ் என்று தொடங்கிப் பள்ளங்கள் மேலே வரிசையாக ஏறுகின்றன, கீபோர்டு தகரமாகிறது. பிளக்-இன் ஒன்றால் ஒரு பக்கத்தைத் தலைகீழாகப் புரட்டி அகலம் செய்திருந்தால் கைபேசியில் கீபோர்டே இருக்காது. செய்தவர் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் காதில் ஹெட்ஃபோன் இருந்தது, கேட்பவர் கையில் கைபேசி இருக்கிறது.

விதியை விலக்கிவிட்டு நீதிபதியாக உட்கார வைக்கப்படும் அந்தக் காதைப் பற்றியும் கேட்க வேண்டும். எல்லா ஒலியையும் காது ஒரே தராசில் நிறுப்பதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அதை அளந்து காட்டினார்கள். இன்றைய சர்வதேசத் தர அளவின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக ஒலிக்கும் ஒன்றுக்கு இணையான சத்தம் 100 ஹெர்ட்ஸில் தோன்ற ஏறக்குறைய 64 டெசிபல் வேண்டும். அதாவது 24 டெசிபல் கூடுதல். 80 டெசிபல் என்ற உரத்த நிலையில் அந்தக் கூடுதல் பாதியாக, ஏறக்குறைய 12ஆகச் சுருங்கிவிடுகிறது. நள்ளிரவில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து மெல்ல வைத்து மிக்ஸ் செய்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். காலையில் உரக்கப் போட்டால் ஜன்னல் கம்பி அதிரும். திரையரங்க மிக்ஸிங்கில் ஒலிபெருக்கியை 85 டெசிபல் என்ற நிலையான அளவுக்குச் சரிபார்த்துவிட்டு உட்காருவது பிடிவாதம் அல்ல, காதின் இந்தச் சாய்வுக்குப் போட்ட மூக்கணாங்கயிறு.

இன்னொரு சாய்வு இதைவிட வஞ்சகமானது. ஒரே ஒலியை இரண்டு முறை போட்டு, இரண்டாவதை ஒரு டெசிபல் மட்டும் ஏற்றினால், சத்தம் கூடியது என்று பெரும்பாலோர் சொல்லமாட்டார்கள், தெளிவு கூடியது, உயிர் வந்தது என்பார்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறுக்கும் கம்ப்ரஸரைப் போட்ட பிறகு பாட்டு பிரமாதமாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் பாதி, கம்ப்ரஸரின் வெளியீட்டுத் திருகியால் கூடிய சத்தமே. முன்னும் பின்னும் அளவைச் சமமாக்கிவிட்டுக் கேள் என்ற விதி இதற்காகவே இருக்கிறது. சமமாக்கிக் கேட்டால், அதுவரை பிரமாதமாக இருந்தது பல நேரம் மூச்சுத் திணறலாக மாறிவிடும். காதுக்கு நன்றாக இருந்தால் போதும் என்பவர் எந்த அளவில், எந்த அறையில், எத்தனை மணி நேரம் கேட்ட காதுக்கு என்று சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் விதிகளைத்தான் வரிசையாகச் சொல்ல வேண்டிவரும்.

ஒரு தொழில் முழுவதுமே இந்தச் சாய்வில் சறுக்கிய வரலாறும் உண்டு. குறுந்தகடு வந்த பிறகு, 1990களில் தொடங்கி, அடுத்தவர் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஏற்றிக்கொண்டே போனார்கள். டிஜிட்டலில் உச்சவரம்பு பூஜ்யம், அதற்கு மேல் போகவே இடமில்லை. ஆகவே உச்சங்களைச் சீவிவிட்டு மற்றதையெல்லாம் தூக்கினார்கள். மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' 2008இல் வந்தபோது டிரம் அடிகள் கிழிந்த சத்தமாகக் கேட்டன. 'கிட்டார் ஹீரோ' விளையாட்டுக்காகக் கொடுத்த அதே பாட்டுகள் அவ்வளவு நசுங்காமல் இருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள், ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மறுபடி மிக்ஸ் செய்யக் கேட்டார்கள். அத்தொகுப்புக்கு மாஸ்டரிங் என்ற இறுதிக்கட்ட வேலையைச் செய்த டெட் ஜென்சன், தம் கைக்கு வரும்போதே அது அப்படித்தான் இருந்தது என்று சொன்னார். இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் சராசரி உரப்பை அளந்து, இயல்பாக -14 அளவுக்குக் கொண்டுவருகின்றன. -8இல் நசுக்கி அனுப்பிய பாட்டை அவை ஆறு டெசிபல் இறக்கிவிடுகின்றன. உரப்பு போய்விடுகிறது, நசுங்கல் மட்டும் மிச்சம். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இலேயே -23 என்று வரம்பு கட்டினார்கள். இங்கே விதி இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம், இறக்கும் இயந்திரத்துக்குக் காது கேட்காது.

தமிழ்ப் பாட்டில் இந்த விவகாரத்துக்குத் தனி முகம் இருக்கிறது. வாத்தியச் சத்தத்தில் வரி புரியவில்லை என்பது ரசிகர்களின் பழைய முறையீடு. அதைப் பெரும்பாலும் பாடகரின் உச்சரிப்பு மேல் போட்டுவிடுவது வழக்கம். வாலை, வாளை, வாழை என்ற மூன்றையும் பிரித்துக் காட்டுவதில் நாக்கின் வளைவால் வாய்க்குள் எழும் அதிர்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் அடையாளம் ஏறக்குறைய 1500 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் கிடக்கிறது. சத்தத்தில் அது உயிரெழுத்தின் அடிப்பகுதியைவிட மிகச் சன்னமானது. கரகரப்பு ஏற்றிய கிட்டாரும் வயலின் கூட்டமும் அதே இடத்தில்தான் தடித்து நிற்கின்றன. அருகருகே உள்ள அலைவரிசையில் வலிய ஒலி மெலிந்த ஒலியை மறைத்துவிடும் என்பது காதின் இயல்பு. பாடகர் ழகரத்தைப் பழுதில்லாமல் பாடியிருந்தும் மிக்ஸில் அது லகரமாகிவிடும். குரலின் ஃபேடரை ஏற்றினால் உயிரெழுத்துதான் முதலில் பெரிதாகும், பாட்டு ஒப்பிப்பதுபோல் ஆகும். பாடும் வரிகளில் மட்டும் கிட்டாரை அந்த இடத்தில் இரண்டு மூன்று டெசிபல் குடைந்தால் போதும், வாழை வாழையாகவே கேட்கும். எவ்வளவு குடைவது என்பதைக் காது சொல்லும், எங்கே என்பதை விதிதான் சொல்லும். கிட்டாரைத் தனியாகக் கேட்டால் குடைந்த பிறகு மோசமாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனியே கேட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் அந்தத் திருகியைத் தொடவே மாட்டார்.

விதிமறுப்பாளர்களிடம் கடைசியாக மிஞ்சுவது விபத்து என்ற வாதம். பெரிய கண்டுபிடிப்புகள் தற்செயலாக வந்தவை, விதியைப் பார்த்திருந்தால் வந்திருக்காது என்பார்கள். 1980இல் வந்த பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தொகுப்பை லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் ஹியூ பாட்ஜம் பதிவு செய்துகொண்டிருந்தார், டிரம் வாசித்தவர் ஃபில் காலின்ஸ். வாத்தியக்காரர் பேசுவதைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்பதற்காக மேலே ஒரு மைக் தொங்கும். யார் எங்கே நின்று முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும் என்பதற்காக அங்கிருந்த எஸ்எஸ்எல் கன்சோல் என்ற மிக்ஸிங் மேசையில் அதன் வழியில் கடுமையான கம்ப்ரஸர் வைத்திருந்தார்கள். பேச்சுக்கான அந்த மைக் திறந்திருந்தபோது காலின்ஸ் அடித்தார், அறையின் எதிரொலி பெருத்துப் பூதமாகக் கேட்டது. அதுவரை விபத்து. அந்த மைக்கை டேப்புக்கு அனுப்ப கன்சோலில் வழியே கிடையாது. பணியாளர்களைக் கொண்டு அதற்கு வயரிங் மாற்றப்பட்டது. எதிரொலி எந்தக் கணத்தில் கத்தரித்தாற்போல் நிற்க வேண்டும் என்று கேட் கருவியில் அளவு வைக்கப்பட்டது. மறு ஆண்டு காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில் அதே ஒலி வேண்டுமென்றே திரும்ப வந்தது, அந்தப் பத்தாண்டு முழுக்க உலகமே அதை நகலெடுத்தது. விபத்தை இரண்டாம் முறை நிகழ்த்தத் தெரிந்தவருக்கு அது விபத்து இல்லை.

1998இல் வந்த ஷெர் பாடிய 'பிலீவ்' இன்னும் துலக்கமான சாட்சி. பாடகர் சுருதி விலகினால் யாருக்கும் தெரியாமல் திருத்துவதற்காக ஆட்டோ-ட்யூன் என்ற மென்பொருள் முந்தைய ஆண்டு விற்பனைக்கு வந்திருந்தது. அதை எழுதிய ஆண்டி ஹில்டிபிராண்ட், எண்ணெய் தேடும் பணியில் நிலத்துக்குள் அனுப்பும் அதிர்வலைகளைப் பகுத்தாய்ந்தவர். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எவ்வளவு மெதுவாக நகர்த்துவது என்று ஒரு திருகி அதில் உண்டு. மனிதக் குரல் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டு போகும் என்பதற்காக வைத்த திருகி. அதைப் பூஜ்யத்துக்கு இறக்கினார்கள், குரல் படிக்கட்டு ஏறுவதுபோல் வெட்டி வெட்டித் தாவியது. மனிதக் குரல் எப்படி நகரும் என்ற விதி அந்தத் திருகிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது, அதன் மறுமுனையில் இயந்திரக் குரல் காத்திருந்தது. பாட்டு உலகெங்கும் ஓடியபோது, அந்த ஒலி எப்படி வந்தது என்று ஓர் ஒலித்தொழில் இதழ் தயாரிப்பாளர்களைக் கேட்டது. வோகோடர் என்ற வேறொரு கருவியின் பெயரைச் சொல்லித் திசை திருப்பினார்கள். எந்தத் திருகி, எந்த அளவு என்று சொன்னால் மறுநாளே யார் வேண்டுமானாலும் அப்படியே செய்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விஷயம் வெளியே வந்த பிறகு அதுதான் நடந்தது.